தமிழ்நாட்டுல கல்யாணமான பொண்ணுங்கள்ல 38 சதவீதம் பேருக்கு புருஷன்கிட்ட வன்முறைன்னு சர்வே சொல்லுது, போலீஸ் கணக்குல அவ்வளவு கேஸே இல்லையே, எதை நம்புறது?

கீர்த்தி_திருச்சி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நான் எம்எஸ்டபிள்யூ (சமூகப் பணி முதுகலை) ரெண்டாவது வருஷம். அடுத்த வாரம் செமினார் இருக்கு, பொண்ணுங்க மேல நடக்குற வன்முறைய எப்படி அளக்குறாங்கன்னு தலைப்பு. ஈசியா இருக்கும்னு நெனச்சு நானே கேட்டு வாங்குனேன், இப்ப தலைய பிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

கொழப்பம் என்னன்னா, தேசிய குடும்ப நல ஆய்வு அஞ்சாவது ரவுண்டு, அதாவது 2019-21 ரிப்போர்ட்ல, 18லேருந்து 49 வயசுக்குள்ள கல்யாணம் ஆன பொண்ணுங்கள்ல (பிரிஞ்சவங்க, புருஷன் இறந்தவங்களும் சேத்தி) தமிழ்நாட்டுல 38.1 சதவீதம் பேரு புருஷன்கிட்ட அடியோ பாலியல் வன்முறையோ அனுபவிச்சிருக்காங்க. இந்தியா சராசரி 29.3. கேரளா வெறும் 9.9. சரி, நாம மோசம் கேரளா தேவலன்னு ஸ்லைடு போட்டுட்டு என்சிஆர்பி (போலீஸ் கேஸ் கணக்க வெளியிடுற தேசிய குற்ற ஆவணக் காப்பகம்) ரிப்போர்ட்ட தொறந்தா அப்படியே தலகீழா இருக்கு. 2022ல பொண்ணுங்க மேல நடந்த குற்றம் லட்சம் பொண்ணுங்களுக்கு எத்தனை கேஸ்னு பாத்தா இந்தியா சராசரி 66.4, தமிழ்நாடு அதுல பாதி கூட இல்ல, கேரளா சராசரிக்கு மேல!!

இன்னொண்ணு கர்நாடகா. நாலாவது ரவுண்டுல, 2015-16ல, 20.6 சதவீதம். அஞ்சாவதுல 44.4. நாலஞ்சு வருஷத்துல ஒரு மாநிலத்து புருஷனுங்க எல்லாரும் ரெண்டு மடங்கு கெட்டுப் போயிட்டாங்களா என்ன?

எங்க மேடம்கிட்ட கேட்டேன், "அண்டர்ரிப்போர்ட்டிங்னு எழுதிக்கோம்மா"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க. யாராச்சும் ஃபீல்டுல வேலை பாத்தவங்க, கோர்ட் ஸ்டேஷன் பக்கம் தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்களேன். புத்தகத்துல இருக்குற டெஃபனிஷன் எல்லாம் எங்கிட்டயே இருக்கு, அது வேணாம்.

---

சேலத்துக்காரி

கீர்த்தி, நீ சொல்ற இதே மாதிரி ஒரு பெரிய வீட்டு சர்வேல நான் ரெண்டு தடவ இன்வெஸ்டிகேட்டரா போயிருக்கேன், சேலம் தர்மபுரி பக்கம். கம்பெனி பேரெல்லாம் வேணாம். அந்த நம்பர் எப்படி பொறக்குதுன்னு மட்டும் சொல்றேன், நீளமா போயிடும் பொறுத்துக்க.

ஒரு வீட்டுக்குள்ள போனா இந்த கேள்வி மொதல்ல வராது. ரேஷன் கார்டு, கக்கூஸ், கொழந்தைக்கு தடுப்பூசி, மாசக்குளி, குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் முடிஞ்சு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆனப்புறம் கடைசிப் பக்கத்துலதான் வரும். அதுக்குள்ள அந்தப் பொண்ணுக்கு அடுப்புல வேல நிக்குது, எங்களுக்கு தொண்டை வத்திப் போயிருக்கும். வீட்ல நாலு பொம்பளைங்க இருந்தாலும் ஒரே ஒருத்தர்கிட்டதான் கேக்கணும், யாருன்னு மெஷினே சொல்லிடும். அண்ணி தம்பி பொண்டாட்டி ரெண்டு பேர்கிட்டயும் கேட்டா சாயங்காலம் வீட்டுக்குள்ள பேச்சு வரும்ல, அதுக்குத்தான். பக்கத்துல வேற யாரும் இருக்கக் கூடாது. ஆள் வந்தா பேச்ச மாத்தி கொழந்தைக்கு என்ன சாப்பாடு குடுக்குறீங்கன்னு ஆரம்பிச்சிடணும். தனியா கெடைக்கவே இல்லன்னா அந்தப் பகுதியவே கேக்காம விட்டுட்டு வரணும், அதுக்கு தனி கோடு இருக்கு.

இதுல ஒரு வீடு மறக்கவே மறக்காது. கொலுசு வேல செய்யிற வீடு, எங்க ஊரு பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கும். அந்தப் பொண்ணு கீழ உக்காந்து இடுக்கியால கண்ணிய ஒவ்வொண்ணா எடுத்துக் கோத்துக்கிட்டே பதில் சொல்லிட்டு இருந்துச்சு. வாசப்படியில மாமியா. அசையல. எங்க சூப்பர்வைசர் அக்கா போயி "ஆயா, பென்ஷன் வருதா உங்களுக்கு"ன்னு பேச்சு குடுத்து தெருமுனை வரைக்கும் கூட்டிட்டுப் போனாங்க (இதெல்லாம் ட்ரெய்னிங்ல சொல்லித் தரமாட்டாங்க).

நான் கேட்டேன், உங்க வீட்டுக்காரரு உங்கள அடிச்சதுண்டான்னு. உண்மைய சொல்லணும்னா நான் அப்படி கேட்டிருக்கவே கூடாது, ஃபார்ம்ல கேள்வி அப்படி இல்ல. பழக்க தோஷத்துல கேட்டுட்டேன். "சேச்சே, அப்படியெல்லாம் இல்லீங்க"ன்னுச்சு. அப்புறம் ஃபார்ம்ல இருக்குற மாதிரி ஒண்ணொண்ணா போனேன். புடிச்சு தள்ளியிருக்காரா, உங்க மேல எதையாவது தூக்கி எறிஞ்சிருக்காரா? "தட்ட வீசுவாரு, மேல படாது." கைய முறுக்குறது, முடியப் புடிச்சு இழுக்கறது? சிரிச்சுச்சு. "அது எல்லா வீட்லயும் உள்ளதுதானே." கன்னத்துல அறையறது? "குடிச்சா மட்டும் ரெண்டு தட்டு தட்டுவாரு." எட்டி உதைக்கிறது கேட்டப்ப இடுக்கி நின்னுடுச்சு, ஒண்ணும் சொல்லல, தலைய மட்டும் ஆட்டுச்சு. எல்லாம் முடிஞ்சு நான் பைய எடுக்குறப்ப கேக்குது, "ஏங்க்கா, இதெல்லாம் அடியில சேருமா?"

இப்ப புரியுதா. மொத கேள்வியோட நிறுத்தியிருந்தா அந்த வீடு "இல்லை". ஒண்ணொண்ணா கேட்டதுனால "ஆமா", அதுவும் மூணு நாலு ஆமா. அதே பொண்ணு, அதே புருஷன், அஞ்சு நிமிஷ வித்தியாசம்.

கர்நாடகாவுல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, நான் அங்க வேல பாக்கல. ஆனா ஃபீல்டு ஆளா ஒண்ணு சொல்றேன், "ஆமா"ன்னு பதில் வந்தா அதுக்கு பின்னாடி வரிசையா கேள்வி தொறக்கும், எப்ப, எத்தன தடவ, காயம் ஆச்சா, யாருகிட்ட சொன்னீங்கன்னு. "இல்ல"ன்னு தட்டுனா வீடு சீக்கிரம் முடியும். மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல இன்னும் ரெண்டு வீடு பாக்கி இருக்குற டீமுக்கு எது சுலபம்னு நீயே யோசிச்சுக்க. டீம் மாறுனா நம்பர் மாறும். நான் கூட வேல பாத்தவங்களயே பாத்திருக்கேன், ஒருத்தியோட ஃபார்ம்ல ஒரு ஆமா கூட இருக்காது, அதே தெருவுல இன்னொருத்தி போனா பத்துக்கு நாலு.

---

நடுநிலை_மணி

சேலத்து அக்கா நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா எனக்கு இதுல ஒரு விஷயம் இடிக்குது. "அடிக்கல"ன்னு சொன்ன பொண்ண உக்கார வெச்சு தள்ளுனாரா முறுக்குனாரான்னு கேட்டுக் கேட்டு ஆமா வாங்குறது சர்வேயா, குறுக்கு விசாரணையா? இப்படி கேட்டா 38 என்ன, 80 கூட வரும். இருபது வருஷத்துல ஒரு தடவ கோவத்துல தள்ளி விட்டவனும் தெனம் குடிச்சுட்டு வந்து மண்டைய ஒடைக்கிறவனும் அந்த 38ல ஒண்ணாத்தான நிக்கிறாங்க.

ஆம்பளைங்கள யாரு கேக்குறா? 498ஏ (புருஷன் வீட்டுக் கொடுமைக்கான சட்டப்பிரிவு) கேஸ்ல எத்தனை பேருக்கு தண்டனை கெடைக்குதுன்னு பாருங்க, முக்கால்வாசிக்கு மேல விடுதலைதான். சுப்ரீம் கோர்ட்டே 2014ல அர்னேஷ் குமார் கேஸ்ல கண்ணமூடிட்டு அரெஸ்ட் பண்ணாதீங்கன்னு சொல்லியிருக்கு. போலீஸ் கணக்கு கம்மியா இருக்குன்னா ஒருவேள நெசமாவே கம்மியா இருக்கலாமே, அத ஏன் யாரும் யோசிக்க மாட்டேங்குறீங்க?

---

கோர்ட்வாசல்

மணி சார் கேட்டதுக்கும் கீர்த்திக்கும் சேத்தே சொல்றேன். குடும்ப வழக்கு பாக்குற வக்கீல் நான், பதினாறு வருஷமா.

சார், தண்டனை கம்மின்னா கேஸ் பொய்யின்னு அர்த்தம் இல்ல. என் கண்ணால பாக்குறது என்னன்னா எஃப்ஐஆர் போட்டு மூணு நாலு வருஷம் இழுத்து கடைசியில விசாரணைக்கு வர்றப்ப நகை சீர் பணம் எல்லாம் பேசி முடிச்சு, மியூச்சுவல் டைவர்ஸ் பெட்டிஷன்ல கையெழுத்தும் போட்டிருப்பாங்க. அந்தப் பொண்ணு கூண்டுல ஏறி "எனக்கு ஞாபகம் இல்லைங்கய்யா"ன்னு சொல்லும். கேஸ் விடுதலை. பொய் கேஸே இல்லன்னு நான் சொல்லமாட்டேன், இருக்கு, சும்மா மாமனார் நாத்தனார்னு பத்து பேர சேக்குறதும் நடக்குது. ஆனா போலீஸ் விசாரிச்சு பொய்யின்னு முடிக்கிறதுக்கு என்சிஆர்பியிலயே தனி கட்டம் இருக்கு. கோர்ட்ல விடுதலை ஆனதையும் அதையும் ஒண்ணா போட்டு கொழப்பாதீங்க.

இப்ப கீர்த்தி கேள்வி. ஸ்டேஷன்ல என்ன நடக்குதுன்னு சொல்றேன். ஒரு பொண்ணு மகளிர் ஸ்டேஷனுக்கு மனு எடுத்துட்டுப் போகுது. எழுதி வாங்கிட்டு சிஎஸ்ஆர் ரசீது குடுப்பாங்க. அதோட புருஷன வரச்சொல்லி ரெண்டு தரப்பையும் பெஞ்சுல உக்கார வெச்சு பேசுவாங்க. "கொழந்த மொகத்த பாருங்கம்மா." அவன் இனிமே குடிக்கமாட்டேன்னு எழுதிக் குடுப்பான். முடிஞ்சுது. அது எஃப்ஐஆர் ஆகல, அதனால என்சிஆர்பிக்குப் போகல. மனு மனுவாவே அந்த பீரோக்குள்ள தூங்குது. 1992ல சென்னை ஆயிரம் விளக்குல தன்னோட மொத மகளிர் ஸ்டேஷன தொறந்த மாநிலம் நம்மளுது, இன்னிக்கு ஊருக்கு ஊர் இருக்கு, ஆனா அங்க போற பொண்ணுங்கள்ல பெரும்பாலானவங்க கேஸ் போடச் சொல்லிப் போறதில்ல, மெரட்டி அனுப்பச் சொல்லித்தான் போறாங்க. அதையும் சொல்லணும்ல, எல்லாத்தையும் போலீஸ் தலையில போட முடியாது.

அப்புறம் எஃப்ஐஆர் ஆனாலும் ஒரே எஃப்ஐஆர்ல நாலு குற்றம் இருந்தா எதுக்கு தண்டனை பெருசோ அது ஒண்ணுதான் எண்ணிக்கையில ஏறும். கொடுமப்படுத்தி கொன்னுட்டான்னா கொலைக் கணக்கு, கொடும காணாமப் போயிடும்.

இன்னொண்ணு எல்லாரும் மறக்குறது. 2005ல வந்த குடும்ப வன்முறை தடுப்புச் சட்டம் இருக்குல்ல (2006 அக்டோபர்லேருந்து அமலு), அது அடிப்படையில சிவில். பாதுகாப்பு அதிகாரிகிட்ட டிஐஆர்னு ஒரு ஃபார்ம் நிரப்பி மாஜிஸ்ட்ரேட்கிட்ட பாதுகாப்பு உத்தரவு, ஜீவனாம்சம், வீட்ல இருக்க உரிமை கேக்கலாம். என்கிட்ட வர்ற பாதி பேருக்கு நான் அதத்தான் போடச் சொல்லுவேன். இது எதுவும் குற்றக் கணக்குல வராது. கோர்ட் உத்தரவ மீறுனாத்தான் அது குற்றம். அதனாலதான் என்சிஆர்பியில இந்த சட்டத்துக்கு நேரா பாத்தா நாடு முழுக்க வருஷத்துக்கு சில நூறு கேஸ்னு நிக்கும். பாக்குறவங்க "அடேங்கப்பா, இந்தியாவுல குடும்ப வன்முறையே இல்ல"ம்பாங்க.

அந்த கொலுசு வேல செய்யிற பொண்ணயே எடுத்துக்கோ. சர்வே கணக்குல வந்துடுச்சு. 498ஏல வருமா? அந்தப் பிரிவு (1983ல வந்தது, இப்ப பாரதிய நியாய சம்ஹிதாவுல 85, 86) எதக் கொடுமங்குதுன்னா தற்கொலைக்குத் தள்ளுற அளவு, இல்ல பெரிய காயம், உயிருக்கோ உடம்புக்கோ மனசுக்கோ ஆபத்து வர்ற அளவு நடத்தை, அதுவும் இல்லன்னா வரதட்சணை கேட்டு தொல்ல. "குடிச்சா ரெண்டு தட்டு" அதுக்குள்ள வரும்னு நான் வாதாடுவேன், எதிர்தரப்பு வராதும்பான். படுக்கையில கட்டாயப்படுத்துறத சர்வே நேரடியா கேட்டு எண்ணுது, ஆனா பொண்டாட்டிக்கு 18 முடிஞ்சிருந்தா புருஷன் செஞ்சா அது பலாத்காரம் இல்லன்னு சட்டத்துலயே விதிவிலக்கு வெச்சிருக்காங்க. அந்தப் பொண்ணு எந்த ஸ்டேஷனுக்குப் போயி எந்த நம்பர் ஆகும் சொல்லுங்க?

---

வார்டு_நைட்டிங்கேல்

கோர்ட்வாசல் மேடம் எழுதுனத படிச்சப்புறம் நானும் ஒண்ணு சேக்கணும்னு தோணுச்சு. தீக்காய வார்டுல பல வருஷம் டியூட்டி பாத்தவ.

எங்க கணக்கு ஏஆர் புக்குல (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேடு) ஆரம்பிக்கும். ஆள் வந்ததும் எப்படி ஆச்சுன்னு ஒரு வரி எழுதணும். அந்த ஒரு வரிய யாரு சொல்றா? கூட்டிட்டு வந்தவன். கூட்டிட்டு வந்தவன் யாரு? புருஷன், இல்ல மாமியா. "சமைக்கும்போது ஸ்டவ் வெடிச்சிடுச்சு." எத்தன தடவ எழுதியிருக்கேன் தெரியுமா இந்த வரிய. முதுகெல்லாம் வெந்திருக்கும், தலமுடியில மண்ணெண்ண வாசம் அடிக்கும், நாம ஸ்டவ் வெடிச்சுதுன்னு எழுதிட்டு கையெழுத்துப் போடணும். மாஜிஸ்ட்ரேட் வந்து வாக்குமூலம் வாங்குறப்ப எல்லாரையும் வெளிய போகச் சொல்லுவாங்க, ஆனா வெளியன்னா கதவுக்கு அந்தப் பக்கம்தான. கொழந்த அவன் கையில இருக்கும். அந்தப் பொண்ணு கதவையே பாத்துட்டு "தவறி பட்டுடுச்சுங்க"ன்னு சொல்லிட்டு செத்துப்போன ராத்திரி எல்லாம் இருக்கு.

லான்செட்ல 2009ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, 2001ம் வருஷ சாவுகள வெச்சு. நெருப்புல இந்தியாவுல அந்த ஒரு வருஷம் செத்தவங்க சுமாரா 1,63,000 பேர், அதுல 1,06,000 பேர் பொம்பளைங்க, பெரும்பாலும் சின்ன வயசு, 15லேருந்து 34க்குள்ள. போலீஸ் கணக்குல இருந்தத போல ஆறு மடங்குன்னு போட்டிருந்தாங்க. சமைக்கிறதுனால மட்டும்னா அறுபது வயசுக்காரியும்தான அடுப்புகிட்ட நிக்கிறா?

இப்ப கேஸ் அடுப்பு வந்து நான் இருந்த கடைசி வருஷங்கள்ல இந்த மாதிரி வர்றது நல்லாவே கொறஞ்சுது. அடிக்கிறது கொறஞ்சுதான்னு கேக்காதீங்க. மண்ணெண்ண கெடைக்கறது கொறஞ்சுது.

---

நடுநிலை_மணி

சரிங்க, நெருப்பு விஷயத்துல நான் பேச ஒண்ணும் இல்ல. ஆனா ஒரு தடவ தள்ளுனவனையும் தெனம் அடிக்கிறவனையும் ஒண்ணா போடுறத பத்தி கேட்டனே, அதுக்கு யாரும் பதில் சொல்லல.

---

புள்ளிக்காரன்

மணி அந்தக் கேள்வி நியாயமானது, நக்கல் இல்லாமத்தான் சொல்றேன். பேப்பர்ல வர்ற 38.1 "எப்பயாவது" கணக்கு. 1998ல கல்யாணம் ஆன புதுசுல ஒரு தடவ வாங்குன அறையும் அதுல உண்டு, நேத்து வாங்குனதும் உண்டு. அதனால இந்த நம்பர் சட்டுனு எறங்கவே எறங்காது, இன்னிக்கு ராத்திரியோட எல்லாரும் அடிக்கிறத நிறுத்திட்டாலும் அஞ்சு வருஷம் கழிச்சு கிட்டத்தட்ட அதே நம்பர்தான் வரும். மாற்றம் பாக்கணும்னா கடைசி 12 மாசக் கணக்கப் பாக்கணும், ரிப்போர்ட் உள்ள அது தனியா இருக்கு. அறை எத்தன பேருக்கு, உதை எத்தன, கழுத்த நெரிச்சது எத்தனன்னு கூட பிரிச்சே போட்டிருக்காங்க. இந்தியா முழுக்க அறை வாங்குனவங்க மட்டும் 25 சதவீதம். ஹெட்லைன் போடுறவன் அத்தன டேபிள யாரு புரட்டுறா.

ஆனா "தோண்டிக் கேட்டா 80 வரும்"ன்னு சொன்னீங்க பாருங்க, அது தப்பு. அதே கேள்விய அதே மாதிரி கேட்டுத்தான் கேரளாவுல 9.9 வந்திருக்கு. சர்வேக்காரங்க பயப்படுறது இதுக்கு நேர் எதிர், கூடுதலா சொல்லுவாங்கன்னு இல்ல, மறைப்பாங்கன்னு. ருவாண்டா, நைஜீரியாவுல இதுக்காகவே பட்டியல் முறைன்னு ஒண்ண பண்ணிப் பாத்தாங்க. ஒரு கூட்டத்துகிட்ட சாதாரண வாக்கியம் நாலு படிச்சு இதுல எத்தன உங்களுக்குப் பொருந்தும்னு எண்ணிக்கைய மட்டும் கேக்கணும். இன்னொரு கூட்டத்துக்கு அதே நாலோட அடி பத்தி ஒண்ணு சேத்து அஞ்சு. யாரு எதுக்கு ஆமா சொன்னாங்கன்னு கேக்குறவருக்கே தெரியாது, ரெண்டு கூட்டத்து சராசரிய கழிச்சா விடை. ருவாண்டாவுல நேர்ல கேட்டு வந்ததவிட அதுல நல்லாவே அதிகமா வந்துச்சு.

கீர்த்தி, உன் தலகீழ் கணக்குக்கு வர்றேன். இத ஸ்லைடுல மொத நம்பரா போடு. அதே ஆய்வுல, உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ அனுபவிச்ச பொண்ணுங்கள்ல யார்கிட்டயாவது உதவி கேட்டவங்க 14 சதவீதம். யார்கிட்டயும் உதவியும் கேக்காம, வாயத் தொறந்து சொல்லவும் சொல்லாதவங்க 77. அந்த 14லயும் பெரும்பாலானவங்க அம்மா வீட்டுக்குத்தான் போறாங்க, ஸ்டேஷன் படி ஏறுறவங்க அதுல ஒரு துணுக்கு. அந்தத் துணுக்குலதான் கோர்ட்வாசல் சொன்ன சிஎஸ்ஆர் கழியுது. மிச்சம் இருக்குறது என்சிஆர்பி. 2022ல நாடு முழுக்க 4,45,256 கேஸ், அதுல 31.4 சதவீதம் புருஷன் வீட்டுக் கொடும. இந்த நம்பர் ஏறுனா எனக்கு மொதல்ல தோணுறது அந்த ஊர்ல யாரோ கதவத் தொறந்து வெச்சிருக்காங்கன்னுதான். எறங்குனாத்தான் பயம். 2020ப் பாரு. 2019ல 4,05,326. 2020ல 3,71,503, எட்டு சதவீதத்துக்கு மேல கொறஞ்சிருக்கு. லாக்டவுன்ல புருஷனுங்க திருந்திட்டாங்களா? அதே ஏப்ரல்ல தேசிய மகளிர் ஆணையம் புகார் குவியுதுன்னு தனியா வாட்ஸ்அப் நம்பரே விட வேண்டியதாச்சு. பஸ் இல்ல, அம்மா வீட்டுக்குப் போக வழி இல்ல, ஃபோன் அவன் கையில.

கேரளா 9.9 நெசமா பொய்யான்னு கேட்டா எனக்கு முழுசா நம்பிக்க இல்ல. அதே ஆய்வுல ஏழு காரணம் குடுத்து (சொல்லாம வெளிய போனா, ஒழுங்கா சமைக்கலன்னா, எதுத்துப் பேசுனா இப்படி) எதுக்காவது புருஷன் அடிக்கலாமான்னு கேக்குறாங்க. கேரளப் பொண்ணுங்கள்ல 52 சதவீதம் பேரு ஏதோ ஒண்ணுக்கு அடிக்கலாம்னு சொல்லியிருக்காங்க. நூத்துல 52 பேரு அடிக்கலாம்ங்குறாங்க, அடி வாங்குனதா பத்து பேர்தான் சொல்றாங்க. நெசமாவே அங்க அடி கம்மியாவும் இருக்கலாம், படிச்ச வீட்டு மானம் வாயக் கட்டிப்போடுறதாவும் இருக்கலாம்.

தமிழ்நாட்டப் பத்தி ஒண்ணு. 1998-99ல ரெண்டாவது ரவுண்டுல மொத தடவையா அடி பத்தி கேட்டப்பவே நாமதான் நாட்டுல டாப், 40 சதவீதம், அப்ப இந்தியா சராசரி 21. 2005-06ல 41.9. 2019-21ல 38.1. கேள்வி மாறிடுச்சு, யார எண்ணுறோம்ங்குறதும் மாறிடுச்சு, அதனால கோடு போட்டு இணைக்கக் கூடாது, ஆனா இருபது வருஷமா நாப்பத ஒட்டியே நிக்குது. நடுவுல பொம்பளைங்க படிப்பு ஏறிடுச்சு, வேலை, சுயஉதவிக் குழு, எல்லாம் வந்துடுச்சு. டாஸ்மாக்கும் வந்துடுச்சு. அடிக்கடி குடிச்சுட்டு வர்ற புருஷனோட இருக்குறவங்கள்ல 70 சதவீதம், குடிக்காதவனோட இருக்குறவங்கள்ல 23, இது இந்தியா மொத்தத்துக்கும். குடிதான் காரணம்னு முடிச்சுடாத, குடிக்காமலே 23 பேருக்கு விழுந்திருக்கு.

---

வடமராட்சி

கன நாளா வாசிச்சுப்போட்டுப் போறனான், இண்டைக்கு எழுதுறன். எங்கட இலங்கையில 2019இல தான் முதல் முதலா இந்த வன்முறை பற்றி முழு நாட்டுக்கும் எண்டு ஒரு கணக்கெடுப்புச் செய்தவை. பேரைப் பாருங்கோ, பெண்களின் நல்வாழ்வு பற்றின ஆய்வு. வன்முறை எண்ட சொல்லே பேரில இல்லை. வாசலில வந்து நிண்டு மனுசன் அடிக்கிறவரோ எண்டு கேக்க வந்தனாங்கள் எண்டு சொன்னா பிறகு அந்தப் பிள்ளை அந்த வீட்டில இருக்கேலாது, அதுக்காகத்தான். உலக சுகாதார நிறுவனம் பத்து நாட்டில செய்து 2005இல வெளியிட்ட ஆய்விலயும் இந்த ஒழுங்குதான். எங்கட 2019 ஆய்வில அஞ்சில ஒரு பெண், 20.4 வீதம், துணையிட்ட அடியோ பாலியல் வன்முறையோ பட்டிருக்கிறா எண்டு வந்தது.

நான் சொல்ல வந்தது வேற. எங்கட பக்கம் ஒரு ஊருக்க எல்லாரும் சொந்தம். கேக்க வாற பிள்ளை தெரிஞ்ச ஆளின்ர மகளா இருந்தா ஒருத்தரும் வாய் திறவாயினம். முழுக்க வெளி ஆளா, எங்கட தமிழ் கதைக்கத் தெரியாத ஆளா வந்தாலும் திறவாயினம். "அடிக்கிறவரோ" எண்டா இல்லை எண்டுவினம், "கை நீட்டுறவரோ" எண்டு கேட்டாத்தான் கதை வரும். சேலத்து அக்கா சொன்ன "ரெண்டு தட்டு" வாசிக்க அதுதான் நினைவு வந்தது.

---

கீர்த்தி_திருச்சி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கவே இல்ல. நைட்டிங்கேல் அக்கா எழுதுனத படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஃபோன கீழ வெச்சுட்டேன்.

நேத்து வீட்ல ஒண்ணு நடந்துச்சு, சொல்லலாமான்னு தெரியல. சேலத்து அக்கா சொன்ன மாதிரி ஒண்ணொண்ணா கேட்டா எப்படி இருக்கும்னு பிராக்டிஸ் பண்ண எங்கம்மாவ உக்கார வெச்சேன். அப்பா கடைக்குப் போயிருந்தாரு. சும்மா செமினாருக்கும்மா, நீ பதிலே சொல்ல வேணாம், நான் படிக்கிறேன் காதுல விழுதான்னு மட்டும் சொல்லுன்னேன். தள்ளுறதுன்னு மொத கேள்விய படிச்சேன். வெளித் திண்ணையிலேருந்து எங்க அப்பாயி "ஆமா"ங்குது. நான் சிரிச்சுட்டேன். அப்பாயி உனக்கு இல்ல, 49 வயசு வரைக்கும்தான் கணக்கு, உனக்கு 74ன்னேன். அது கேக்கல. முடியப் புடிச்சு? "ஆமா." அறை? "அது இல்லாமயா." உதை? "உங்கப்பன் வயித்துல இருக்கறப்ப." கத்திய காட்டி மெரட்டுறதுன்னு படிச்சேன், "கத்தி இல்லடி, அருவாமண" அப்படின்னுட்டு வெத்தலைய இடிக்க ஆரம்பிச்சிடுச்சு. தாத்தா செத்து பதினோரு வருஷம் ஆச்சு, படத்துக்கு தெனம் பூ வைக்கிறதே அதுதான்.

நான் திரும்பிப் பாத்தா அம்மா எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க. அடுப்புல பால் இருக்குன்னாங்க. பால் இல்ல, நான் பாத்தேன்.

---

சேலத்துக்காரி

கீர்த்தி, அம்மாகிட்ட மறுபடியும் கேக்காத. அந்தப் பால் விஷயத்த நீ பாத்ததாவும் காட்டிக்காத. ஃபார்ம்ல அதுக்கு ஒரு கோடு இருக்கு, "கேக்க முடியல"ன்னு, அத போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுவோம், ராத்திரி சூப்பர்வைசர் ஏன் இந்த வீடு முழுசா இல்லன்னு கேப்பாங்க, தனியா கெடைக்கலம்போம்.

செமினார்ல அப்பாயி கதைய வேணா அப்பாயிகிட்ட கேட்டுட்டு, பேர் ஊர் இல்லாம சொல்லு. 49க்கு மேல யாரையும் எண்ணலங்குறதுக்கு அத விட நல்ல ஸ்லைடு கெடைக்காது. கடைசியா 181, பொண்ணுங்களுக்கான உதவி நம்பர போட்டுரு, உங்க கிளாஸ்ல நாப்பது பேரு இருந்தா கேக்குறது நாப்பது பேரு மட்டும் இல்ல. பேசி முடிச்சுட்டு எப்படிப் போச்சுன்னு இங்க வந்து எழுது.